எடுத்த பிறகு எடிட்டிங், எடுக்கும் முன்பே எடிட்டிங்: எந்த அறையில் உட்காருவது?

நடிகர்களை வைத்து எடுக்கும் ‘லைவ் ஆக்‌ஷன்’ படத்தில் எடிட்டர் கைக்கு மலை மாதிரி ஃபுட்டேஜ் வந்து விழும். ஒரே வசனத்துக்கு எட்டு டேக், மூன்று கோணம். அதில் உயிருள்ளதைத் தேடிப் பிடிப்பதுதான் வேலை. அனிமேஷன் எடிட்டர் சேரும் நாளில் ஒரு ஷாட்கூட இருக்காது. ஸ்டோரிபோர்டு ஓவியங்கள் (கதையைக் காட்சி காட்சியாக வரைந்தவை), ஸ்டுடியோ ஆட்களே பேசிப் பதிந்த தற்காலிகக் குரல், கடன் வாங்கிய இசை ஆகியவற்றை எடிட்டிங் மென்பொருளின் டைம்லைனில் அடுக்கி முழுப் படமாக ஓட்டிக் காட்ட வேண்டும். இதைத்தான் ஸ்டோரி ரீல் என்கிறார்கள்.

ஏன் இப்படி? ஒரு சிறுமி கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறாள். பேசுவதற்கு முன் அரை விநாடி தயங்கினால் நன்றாக இருக்கும். விநாடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம்; அரை விநாடி என்றால் 12 ஃபிரேம். லைவ் ஆக்‌ஷனில் அந்தத் தயக்கம் ஏதாவது ஒரு டேக்கில் இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் எதிரே நிற்பவர் முகத்துக்கு வெட்டிச் சமாளிக்க வேண்டும். ஸ்டோரி ரீலில் அதே ஓவியத்தை 12 ஃபிரேம் இழுத்துவிட்டால் முடிந்தது, பைசா செலவில்லை. ஷாட் தயாரான பிறகு கேட்டால்தான் வினை. அனிமேட்டர் மறுபடி உட்கார வேண்டும், அவருக்குப் பின்னால் லைட்டிங், ரெண்டர் (கணினி இறுதிப் படத்தை உருவாக்குவது) எல்லாமே மறுபடி.

1993 நவம்பரில், பிக்சார் ஸ்டுடியோ உருவாக்கிக்கொண்டிருந்த ‘டாய் ஸ்டோரி’யின் ரீலைப் பார்த்த டிஸ்னி, படத்துக்குப் பணம் போட்ட நிறுவனம், வேலையையே நிறுத்தச் சொன்னது. நாயகப் பொம்மையான வுடி அதில் யாருக்கும் பிடிக்காத முரடனாக இருந்தான். கதையைத் திருத்தினார்கள், 1995இல் படம் வந்தது. அந்தத் தவறு ஓவியமாக இருக்கும்போதே தெரிந்ததால்தான் படம் பிழைத்தது.

குரலில் அனிமேஷன் எடிட்டருக்குக் கிடைக்கும் சுதந்திரம் எனக்குப் பொறாமையே தருகிறது. வாய் இன்னும் அசையவில்லை அல்லவா? வசனத்தின் முதல் பாதியை இரண்டாம் டேக்கிலிருந்தும், கடைசிச் சொல்லை ஆறாம் டேக்கிலிருந்தும், நடுவில் ஒரு மூச்சை வேறெங்கிருந்தோ எடுத்தும் ஒட்டலாம். அனிமேட்டர் அதற்கேற்ப வாயசைப்பார். தற்காலிகக் குரலே நிலைத்துவிடுவதும் உண்டு. ‘தி இன்கிரெடிபிள்ஸ்’ படத்தில் உடை வடிவமைக்கும் எட்னாவின் குரல் இயக்குநர் பிராட் பேர்டுடையது.

ஆனால் லைவ் ஆக்‌ஷனில் இருக்கும் தற்செயல் இங்கே கிடைக்காது. வசனம் மறந்த நடிகர் சட்டென்று சிரித்துவிடுவார், அதுவே காட்சியின் உயிராகிவிடும். அந்த வேட்டையில்தான் உங்களுக்கு ஆனந்தம் என்றால் அனிமேஷன் பக்கம் வராதீர்கள். ஒரே படத்தோடு மூன்று நான்கு ஆண்டுகள் வாழ வேண்டும். முதல் வாரம் சிரித்த நகைச்சுவையை நூறாவது முறையும் புதிதாகக் கேட்கும் காது வேண்டும்.

‘அனிமேஷன்’ என்று மொத்தமாகச் சொல்வதும் சரியில்லை. ஜப்பானில் இயக்குநரின் ஸ்டோரிபோர்டிலேயே ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரம் குறித்திருப்பார்கள். அங்கே எடிட்டர் செய்வது பெரும்பாலும் ஃபிரேம் ஃபிரேமாக இழைப்பது. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் படங்கள் பலவற்றைத் தொகுத்த தகேஷி செயாமா அந்த இழைப்பில் மேதை. கதையில் கைவைக்க ஆசைப்படுபவருக்கு அமெரிக்க முறைதான் பொருந்தும்.

அந்த முறையில் இயக்குநர் நாற்காலி பக்கத்திலேயே இருக்கிறது. லீ அன்க்ரிச் தொலைக்காட்சி எடிட்டிங்கிலிருந்து 1994இல் பிக்சாருக்கு வந்து ‘டாய் ஸ்டோரி’யைத் தொகுத்தவர். பிறகு அவர் இயக்கிய ‘டாய் ஸ்டோரி 3’, ‘கோகோ’ இரண்டும் ஆஸ்கர் வாங்கின. ஆண்டுக்கணக்கில் ரீலோடு மல்லுக்கட்டும் எடிட்டர் பாதி திரைக்கதை ஆசிரியராகவே ஆகிவிடுகிறார். இருந்தும் எடிட்டிங் ஆஸ்கருக்கு முழு அனிமேஷன் படம் எதுவும் இதுவரை பரிந்துரைக்கப்பட்டதே இல்லை. இது அநியாயம்.

முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஐந்து நிமிட வானொலி நாடகம் ஒன்றை எடுங்கள். குச்சி மனிதர்களாக நாற்பது படம் வரையுங்கள். டைம்லைனில் ஏற்றி, பார்ப்பவருக்குக் கதை புரியும்வரை இழுத்தும் குறைத்தும் பாருங்கள். மூன்றாம் நாளும் ஒரு ஓவியத்தை நான்கு ஃபிரேம் குறைக்கலாமா என்று கை துறுதுறுத்தால், அனிமேஷனுக்கே விண்ணப்பியுங்கள்.