கோட்ஸ்வோல்ட்ஸ் கல்வீடு: சில குளிர்காலங்களுக்குப் பிறகு

இங்கிலாந்தின் கோட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில், 17ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீடு ஒன்றில் சில வருடங்களாக வாடகைக்கு இருக்கிறோம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் கேட்பது, "சுவர் இவ்வளவு தடிமனா இருக்கே, உள்ளே கதகதப்பா இருக்குமே?" என்றுதான். இருக்காது.

சுவர் ஏறத்தாழ இரண்டடி. வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புக் கலவையும். கல் சூட்டைத் தடுப்பதில்லை, மெதுவாக உள்ளே வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஜூலையில் குளுகுளுவென்று இருக்கும். ஜனவரியில் வெளியூர் போய் வந்தால் ஹீட்டரை முழுசாக வைத்தாலும் சுவர் சூடேற இரண்டு மூன்று நாள் ஆகும். அணைக்காமல் குறைந்த சூட்டில் ஓடவிடுவதே எங்களுக்குச் சரிப்பட்டது.

பெரிய தலைவலி ஈரம். இப்போதைய வீடுகளில் இருக்கும் ஈரத்தடுப்புப் படலம் இதில் கிடையாது. சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாகத்தான் வெளியேறிக் காயவேண்டும். முன்பு யாரோ வடக்குச் சுவரின் கல் இடுக்குகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். ஈரம் போக வழியில்லாமல் கல்லிலேயே தங்கி, கடுங்குளிரில் உறைந்து விரிகிறது. விரலால் தேய்த்தால் தேன் நிறக் கல் மாவாக உதிர்கிறது. சிமெண்ட் மட்டும் வரம்பு மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கிறது. சுண்ணாம்பு மாறாத தெற்குச் சுவரில் இந்தத் தொல்லையே இல்லை.

இதே உறைபனிதான் இந்தப் பக்கத்துக் கூரைகளைச் செய்து கொடுத்தது என்பது வேடிக்கை. அந்தக் காலத்தில் ஆக்ஸ்போர்ட்ஷயரின் ஸ்டோன்ஸ்ஃபீல்டு கிராமத்தில் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்து, ஈரம் காயாமல் குளிர்காலத்தில் வெளியே போட்டுவைப்பார்கள். உள்ளிருக்கும் நீர் உறைந்ததும் கல் ஏடு ஏடாகப் பிளந்துகொள்ளும். எங்கள் கூரையிலும் அப்படிப்பட்ட கல் ஓடுகள்தான்: உச்சியில் கையகலம், கீழே வர வரப் பெரிசு. மழைநீர் அதிகம் சேருவது கீழேதானே, அங்கே இணைப்புகள் குறைவாக இருப்பது நல்லது. எடையும் சுவரை ஒட்டியே இறங்குகிறது. கூரைச் சரிவு செங்குத்தாக இருப்பதால் தண்ணீர் தேங்குவதில்லை. வீட்டிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது இந்தக் கூரைதான்.

ஜன்னல்களுக்கு அவ்வளவு மதிப்பெண் தரமாட்டேன். கல் சட்டங்கள் அழகுதான், ஆனால் ஒற்றைக் கண்ணாடி. வீடு பழைய கட்டடங்களுக்கான 'கிரேடு 2' பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால் ஜன்னலை மாற்ற கவுன்சில் அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் கை வைத்தால் கிரிமினல் குற்றம். உள்பக்கம் கழற்றி மாட்டும் கண்ணாடிச் சட்டம் போட்ட பிறகுதான் காற்று உள்ளே வருவது அடங்கியது. மாடியில் ஒரு ஜன்னலை அடைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லாரும் 1696 முதல் 1851 வரை ஜன்னல் எண்ணிக்கையை வைத்துப் போட்ட ஜன்னல் வரியால் என்பார்கள். எனக்கென்னவோ படிக்கட்டு இடம் மாறியதால் அடைத்த மாதிரித்தான் தெரிகிறது.

வாங்குவேனா? மாட்டேன், வாடகைக்கு இன்னும் இருப்பேன். நீங்கள் இப்படி ஒரு வீடு பார்க்கப் போனால் மழைநாளில் போங்கள். சமையலறையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வெளிச்சுவரில் கல்லுக்கு நடுவே இருப்பது சுண்ணாம்பா சிமெண்டா என்று பாருங்கள்.