கொல்லைப்புறத்துக்கு சென்சார் லைட்: சோலார் போதுமா, கரண்ட் இழுக்கணுமா?

மன்னார்குடி பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கிணற்றடி, அதைத் தாண்டி வாழை, செம்பருத்தி, நித்தியமல்லி, கடைசியில் வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் வயல். அம்மா விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விடுவார், டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் பூக்கூடையை எந்தக் கையில் பிடிப்பது என்பார். அதனால் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்கு இரண்டு வகை வாங்கினோம், ஒன்று சோலார், இன்னொன்று கரண்டில் எரிவது. இரண்டும் ஒரு கோடையையும் ஒரு ஐப்பசி மழையையும் பார்த்துவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன். நடக்கிற பாதைக்கு கரண்ட் விளக்குதான். சோலார் வாசல் கேட்டுக்குச் சரி.

பலரும் பாம்புக்குப் பயந்துதான் இதை வாங்குகிறார்கள், அதனால் அதை முதலில் பேசிவிடலாம். இந்த விளக்குகளில் இருக்கும் பிஐஆர் சென்சார் அசைவை நேராகப் பார்ப்பதில்லை. உடம்புச் சூடு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்வதைத்தான் பிடிக்கும். முன்னால் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் குமிழ் எதிரே இருக்கும் இடத்தைப் பல கீற்றுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது, ஒரு கீற்றிலிருந்து அடுத்ததுக்குச் சூடு தாண்டினால் விளக்கு எரியும். பாம்புக்கு நம்மைப்போல் தனியாக உடம்புச் சூடு கிடையாது, தரை எந்தச் சூட்டில் இருக்கிறதோ கிட்டத்தட்ட அதே சூட்டில்தான் இருக்கும். ஆகவே பாம்பு வந்தால் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். நாம் கால் வைக்கும் முன் அந்த இடம் வெளிச்சமாக இருக்கும், இது தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். ஆனால் கட்டுவிரியன் மாதிரி ராத்திரியில் நடமாடுவது இருக்கும் ஊரில் அது பெரிய விஷயம்.

ராத்திரி முழுக்க ஒரு பல்பை எரியவிட்டால் போதாதா என்று அப்பா கேட்டார். எரியவிட்டால் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பின்னால் எது வரும் என்று வயல்காட்டில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தேவைப்படும்போது மட்டும் எரிவது இந்த வகையில்தான் நல்லது. கரண்ட் மிச்சம் என்பதெல்லாம் சும்மா. 10 வாட் எல்இடி தினம் 12 மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு மூன்றரை யூனிட் சொச்சம்தான் ஆகும்.

சோலார் விளக்கு ஆன்லைனில் வாங்கியது, ஐந்நூறு ரூபாய்க்குள். அட்டைப்பெட்டியில் எத்தனை எல்இடி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து வாங்காதீர்கள், பேனல் அளவையும் பேட்டரியையும் பாருங்கள். நாங்கள் வாங்கியதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பேனல், உள்ளே ஒரே ஒரு 18650 பேட்டரி, 3.7 வோல்ட், 1200 எம்ஏஎச். கணக்குப் போட்டால் நாலரை வாட் அவர்கூடத் தேறவில்லை. ராத்திரி முழுக்க மங்கலாக எரிந்து ஆள் வந்தால் பிரகாசமாகும் மோடில் வைத்தால் நடுராத்திரிக்குள் பேட்டரி காலி. ஆள் வந்தால் மட்டும் எரியும் மோடில் வைத்தால்தான் விடிகாலை வரை தாங்குகிறது. எங்கள் கொல்லை வடக்குப் பக்கம், ஐப்பசிக்கு மேல் வெயில் தெற்கே சாய்ந்துவிடுவதால் அந்தச் சுவரில் வீட்டு நிழல்தான் விழும். மழை மூட்டமும் சேர்ந்தால் அம்மா போகிற நேரத்துக்கு மினுக்கென்று ஒரு வெளிச்சம், அதோடு சரி. அதே விளக்கைத் தெற்குப் பார்த்த வாசல் தூணில் மாட்டினேன், அங்கே நன்றாகவே ஓடுகிறது, கரண்ட் போனாலும் கேட்டில் வெளிச்சம் உண்டு. ஒரு குறை சொல்ல வேண்டும். தூசியும் நீரும் உள்ளே போகாது என்று சொல்லும் ஐபி65 குறி போட்டிருந்தும் முதல் பெருமழையிலேயே உள்ளே நீர் கோத்துக்கொண்டது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தால் ரப்பர் வளையம் ஒரு மூலையில் உட்காரவே இல்லை. துடைத்துக் காயவைத்து ஓரம் முழுக்க சிலிகான் பூசிய பிறகு தொந்தரவு இல்லை.

கரண்ட் விளக்குக்கு சென்சார் தனி, லைட் தனியாக வாங்கினோம், ஊரில் உள்ள எலக்ட்ரிக்கல் கடையில். இரண்டும் ஒன்றாக வருவதை வாங்கினால் எது கெட்டாலும் முழுசாக மாற்ற வேண்டிவரும். தனியாக வாங்கினால் சென்சாரை ஒரு இடத்திலும் லைட்டை இன்னொரு இடத்திலும் வைக்கலாம், தோட்டத்துக்கு அதுதான் வசதி. வார்ம் ஒயிட், அதாவது லேசாக மஞ்சள் கலந்த வெளிச்சம், 10 வாட் ஃபிளட் லைட் போதும். வெள்ளை வெளேர் என்று எரிவதைவிட இதற்குப் பூச்சி குறைவாக வருகிறது.

வேலை செய்ய வந்த தம்பி சுவிட்ச் போர்டைத் திறந்ததுமே, "அண்ணே, இதுல ஃபேஸும் ரிட்டர்னும்தான் வருது, நியூட்ரல் இல்ல, சென்சாருக்கு நியூட்ரல் கண்டிப்பா வேணும்" என்றார். ரிட்டர்ன் என்பது சுவிட்சிலிருந்து லைட்டுக்குப் போகும் ஒயர். பழைய வீடுகளில் பெரும்பாலும் இதே கதைதான், ஆள் கூப்பிடும் முன் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சென்சாருக்கு ஃபேஸ், நியூட்ரல், அங்கிருந்து லைட்டுக்குப் போகும் ஒயர் என்று மூன்று. லைட்டின் உடம்பு அலுமினியம், எர்த் ஒயரை விட்டுவிட வேண்டாம். ஃபேஸை இன்வெர்ட்டர் லைனிலிருந்து எடுக்கச் சொன்னேன், காற்று மழையில் கரண்ட் போகிற நேரத்தில்தானே விளக்கு வேண்டும். சென்சாருக்குப் பக்கவாட்டில் ஒரு சாதா சுவிட்சும் கொடுத்திருக்கிறார், அதைப் போட்டால் சென்சார் என்ன நினைத்தாலும் லைட் எரியும். கிணற்று மோட்டார் பழுதாகி ராத்திரியில் ஆள் நின்று வேலை பார்த்தபோது அந்த சுவிட்சின் அருமை தெரிந்தது.

சென்சாரின் அடியில் மூன்று சின்னத் திருகுகள். டைம், எவ்வளவு நேரம் எரிய வேண்டும் என்பது. லக்ஸ், எவ்வளவு இருட்டினால் வேலை செய்ய வேண்டும் என்பது, சூரியன் படமும் நிலா படமும் போட்டிருக்கும். சென்ஸ், எவ்வளவு தூரம் பிடிக்க வேண்டும் என்பது. கடையிலிருந்து வரும்போது டைம் பத்து விநாடி அளவில் இருக்கும், பூப்பறிக்கிறவர் செடி முன்னால் அசையாமல் நின்றால் அணைந்துவிடும், மூன்று நிமிடமாவது வையுங்கள். லக்ஸை நிலா பக்கம் முழுசாகத் திருப்பினால் தெருவிளக்கு வெளிச்சம் லேசாகப் பட்டாலே பகல் என்று எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிடும், கொஞ்சம் முன்னாலேயே நிறுத்துங்கள்.

எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஏழு எட்டு அடி உயரம், பாதைக்குக் குறுக்காகப் பார்க்கிற மாதிரி. நேரே சென்சாரை நோக்கி நடந்து வந்தால் ரொம்பக் கிட்டே வந்த பிறகுதான் எரிகிறது, குறுக்கே கடந்தால் உடனே பிடிக்கிறது. எங்களுடையது பின்வாசல் நிலைக்குப் பக்கத்துச் சுவரில், வாசற்படி இறங்குகிறவர் குறுக்கே போகும்படி இருக்கிறது. அம்மா முதல் படியில் கால் வைக்கும்போதே கிணற்றடி வரை வெளிச்சம். வாழை பக்கம் திரும்பியிருக்கக் கூடாது, வெயிலில் காய்ந்த இலை சாயங்காலக் காற்றில் ஆடினால் அதற்கும் எரியும். மைக்ரோவேவ் ரேடார் சென்சாரைத் தோட்டத்துக்கு வாங்கவே வேண்டாம், அது நிஜமாகவே அசைவைத்தான் பிடிக்கும், காற்றடிக்கும் ஊரில் விளக்கு அணையாது. சித்திரை வைகாசியில் பிஐஆருக்கும் தூரம் குறைகிறது. இருட்டிய பிறகும் சுவரும் தரையும் கொதித்துக்கொண்டிருப்பதால் நம் உடம்புச் சூட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் போதவில்லை. அந்த மாதங்களில் மட்டும் சென்ஸை முழுசாகக் கூட்டிவிடுகிறேன், மழைக்காலத்தில் குறைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் வேலியோரம் போகிற நாய்க்கெல்லாம் எரியும்.

பல்லி குமிழ் மேலேயே ஏறி உட்காரும்போது ஒன்றும் செய்ய முடியாது. எட்டுக்கால் பூச்சி வலையை அவ்வப்போது துணியால் தட்டிவிடுவோம், அடி ஓட்டை வழியாக எறும்பு புகாமல் ஒயர் நுழையும் இடத்தை அடைத்திருக்கிறோம். கரண்ட் போய் வந்தால் முதல் ஒரு நிமிடம் யாரும் இல்லாமலே எரிந்து அணையும், அது பழுதில்லை, சென்சார் நிலைக்கு வர எடுக்கும் நேரம். கடையில் பணம் கொடுக்கும் முன் ஒரு பல்பைக் கோத்துக் காட்டச் சொல்லுங்கள், லக்ஸைச் சூரியன் பக்கம் திருப்பினால் பட்டப்பகலிலும் எரிந்து காட்டும்.