பொறுப்பதா, முறையிடுவதா, விலகுவதா? மனம் நோகும் வேலைத்தளத்தில் எடுக்கக்கூடிய முடிவுகள்

வேலை கஷ்டமாக இருப்பது ஒன்று, வேலைத்தளம் ஆளைத் தின்பது வேறொன்று. நாள் முழுக்க வெயிலில் அலைந்தவருக்கு இரவில் நித்திரை வரும். நாள் முழுக்க ஏச்சு வாங்கியவருக்கு வராது.

மட்டக்களப்பில் லீசிங், நுண்கடன் கம்பனிகளில் வெளிக்கள வேலை செய்யும் பிள்ளைகளைப் பாருங்கள். படுவான்கரைப் பக்கம் கலெக்‌ஷன் முடித்து, மண்டூரில் இருந்து குருமண்வெளிக்கு வாவியைக் கடக்கும் படகுப்பாதையில் மோட்டார் சைக்கிளோடு வரும்போதே வாட்ஸ்அப் குழுமத்தில் பட்டியல் விழுகிறது. இலக்கை எட்டாதவர்களின் பெயர் சிவப்பில். அதற்குக் கீழே மனேஜரின் குரல் பதிவு, கிளையில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி. பதில் போடாவிட்டால் அதற்குத் தனி ஏச்சு. சோற்றில் கை வைத்தாலும் கண் போனில்தான்.

இப்படி மாட்டிக்கொண்டவருக்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றுக்கும் விலை இருக்கிறது.

முதல் வழி, பொறுத்துக்கொண்டு இருப்பது. வீட்டில் எல்லோரும் சொல்வது இதைத்தான்: "கொஞ்சம் பொறு மகன், இந்த மனேஜர் மாறிப் போயிருவார்." சில வேளை அது நடக்கவும் செய்யும். ஆனால் பொறுப்பதென்றால் ஒரு திகதி வைத்துக்கொண்டு பொறுக்க வேண்டும். வேலையை விடும்போது கம்பனி தர வேண்டிய பணிக்கொடைக்கு உரித்தாகும் நாள் அப்படியொரு திகதி. 1983ஆம் ஆண்டின் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால், வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் பணம் கிடைக்கும். நாலே முக்கால் வருடத்தில் கோபத்தில் எழுந்து போனால் அது இல்லை. அப்படிப்பட்டவருக்கு இன்னும் மூன்று மாதம் பல்லைக் கடிப்பதில் அர்த்தம் இருக்கிறது. திகதியே இல்லாமல் பொறுப்பவரிடம் முதலில் நித்திரை போகும், பிறகு பின்னேரம் ஒரு போத்தல் சேரும், கடைசியில் மனேஜரிடம் வாங்கிய ஏச்சு வீட்டில் பிள்ளைகள் மேல் விழும். அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் பொறுமை என்று அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இருக்கும்வரை லீவை எடுங்கள். கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் இரண்டாவது வருடத்தில் இருந்து 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமைய (கஷுவல்) லீவும் உங்களுக்கு உரியவை. யாரும் கருணை பார்த்துத் தருவதில்லை.

இரண்டாவது வழி, முறையிடுவது. இதில் எது எடுபடும், எது எடுபடாது என்று முதலே தெரிந்திருக்க வேண்டும். வேலைத்தளத்தில் ஏசுவதற்கும் அவமானப்படுத்துவதற்கும் எதிராக இலங்கையில் தனியொரு சட்டம் இல்லை. "சேர் எல்லோருக்கும் முன்னால் ஏசுகிறார்" என்று தொழில் அலுவலகத்தில் போய் நின்றால் அனுதாபம் கிடைக்கலாம், அதற்கு மேல் கஷ்டம். ஆனால் அப்படி ஏசுகிற இடங்கள் பல, கணக்கிலும் நேர்மையாக இருப்பதில்லை. சம்பளத்தில் 8 வீதம் வெட்டிவிட்டு, கம்பனி தன் பங்கான 12 வீதத்தோடு ஊழியர் சேமலாப நிதிக்குக் (EPF) கட்டாமல் விடுவது, நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 என்ற எல்லையைத் தாண்டி வேலை வாங்கிவிட்டு மேலதிகக் கொடுப்பனவை மறப்பது போன்றவை எண்ணில் காட்டக்கூடியவை. தொழில் திணைக்களம் கையில் எடுப்பதும் அவற்றைத்தான்.

பாலியல் தொந்தரவை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின் கீழ் அது குற்றம், மேலதிகாரி வார்த்தையால் செய்தாலும் குற்றம். அதில் பொறுப்பதா என்ற கேள்விக்கே இடமில்லை.

முறையிடுவதன் விலை நம்ம ஊரில் கூடுதல். காலையில் எழுதிய கடிதம் பின்னேரத்துக்குள் கல்முனைவரை தெரிந்துவிடும், மனேஜர் யாரோ ஒரு மாமாவின் கூட்டாளியாக இருப்பார். அதனால் தனி ஆளாகப் போகாதீர்கள், மூன்று பேர் சேர்ந்து கையெழுத்திட்ட கடிதத்தின் கனம் வேறு. திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஸ்கிரீன்ஷொட்டுகளை உங்கள் சொந்த மின்னஞ்சலில் வையுங்கள், கம்பனி தந்த போனை எந்த நேரமும் திருப்பிக் கேட்பார்கள். அரசாங்க உத்தியோகத்தருக்கு இடமாற்றம் கேட்கும் வழி இருக்கிறது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்களும் இருக்கின்றன.

மூன்றாவது வழி விலகுவது. பெரும்பாலான தனியார் துறை இளையவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான், ஆனால் ஆயத்தத்தோடு. நாலு மாதச் சாப்பாட்டுக்கும் கடன் தவணைக்கும் கையில் காசு இருக்க வேண்டும். வேலையை விட்டால் சேமலாப நிதி கைக்கு வரும் என்று பலர் நம்பியிருக்கிறார்கள். அது பொதுவாக ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதில்தான். ஊழியர் நம்பிக்கை நிதியத்தில் (ETF) உள்ளதை வேலை விட்டதும் கேட்கலாம், அதுவும் 5 வருடத்துக்கு ஒரு முறை.

கடிதத்தில் கவனம் தேவை. "தனிப்பட்ட காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று ஆயத்தமாக எழுதிய தாளை நீட்டி, "இதில் கையெழுத்துப் போடு, நல்ல சான்றிதழ் தாறன்" என்பார்கள். அவர்களுக்கு அந்தக் கையெழுத்து ஏன் தேவை? 15 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த, 1971ஆம் ஆண்டின் சட்டப்படி அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். வற்புறுத்தலால்தான் போகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். விலக வைத்ததும் வேலை நீக்கம்தான் என்று தொழில் நியாய சபையில் வாதிட முடியும், 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

கட்டாருக்குப் போய்விடலாம் என்பதை நான் நாலாவது வழியாக எண்ணவில்லை. அது சம்பளத்துக்கான வழி. நொந்த மனத்தோடும் ஏஜென்சிக் கடனோடும் போகிறவருக்கு அங்கே ஆறுதல் சொல்ல ஆள் இல்லை.

மூன்றில் எதை எடுப்பது என்று தீர்மானிக்கும் முன் உங்களை நீங்களே கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனம் வேலையால் வரும் உளச்சோர்வை (burnout) நோய் என்று வகைப்படுத்தவில்லை, வேலை சார்ந்த நிலை என்கிறது. மனச்சோர்வு நோய் (depression) அப்படியல்ல, வேலை மாறியதும் அது மாறிவிடும் என்று இருக்க முடியாது. நாலு நாள் லீவில் நின்றால் சிரிப்பு திரும்பி வருகிறதா? அப்படியென்றால் கோளாறு அனேகமாக வேலையில், விலகும் ஆயத்தத்தைத் தொடங்கலாம். பாசிக்குடாக் கடலில் பிள்ளைகளோடு நின்றும் ஒன்றும் உறைக்கவில்லை, பசி இல்லை, இரண்டு வாரமாக இதே நிலை என்றால் முதலில் வைத்தியம், முடிவு பிறகு. அந்த நிலையில் ராஜினாமாவில் கையெழுத்துப் போட வேண்டாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் காசு இல்லாமல் பார்க்கலாம். யாராவது கண்டுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் வேறு ஊர்க் கிளினிக்குக்குப் போங்கள், தப்பே இல்லை. வைத்தியரிடம் "நித்திரை இல்லை" என்பதோடு நிறுத்தாமல் வேலைத்தளக் கதையையும் சொல்லுங்கள். செத்தால் என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். இரவு என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுங்கள், அல்லது அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். வீட்டில் உள்ளவர்களே, நீங்களும் கூடவே போங்கள், வரும் மாதத் தவணையைப் பற்றி அன்றைக்குக் கதைக்க வேண்டாம்.