ஆறாம் வகுப்புக்கு எது: அரசு மேல்நிலைப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா?

தாம்பரம், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மெட்ரிக் கட்டணம் கட்டுப்படியாகாத வீட்டுக்கு ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் இரண்டு வழி. ஒன்று, ஊரின் பெரிய அரசு மேல்நிலைப் பள்ளி. இன்னொன்று, அரசு உதவிபெறும் பள்ளி. பாடத்திட்டமும் பொதுத்தேர்வும் ஒன்றேதான். இலவசப் பாடநூல், சத்துணவு, பதினொன்றில் சைக்கிள் எல்லாம் உதவிபெறும் பிரிவிலும் உண்டு. பழைய பெயர், மைதானம், கண்டிப்பு என்று பெற்றோர் அங்கே போவதில் வியப்பில்லை.

ஆனாலும் என் ஓட்டு அரசுப் பள்ளிக்கே. காரணம் கல்லூரிச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது. நீட் தேர்ச்சி கட்டாயம். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீண்டது. பொறியியலுக்கு நீட் இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணில் கணக்கிடும் 200க்கான கட்ஆஃப்தான். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே கட்டும்.

நிபந்தனை ஒன்றுதான்: 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி. மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் இதில் அடங்கும். உதவிபெறும் பள்ளி அடங்காது. இடையில் ஒரு வருடம் அங்கே படித்தாலும் போச்சு. "பத்துக்கு மேல் அரசுப் பள்ளிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ஒரே விலக்கு, கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு.

கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களிலும் வித்தியாசம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் எந்த வழியில் படித்தாலும் கிடைக்கும். உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழிக்கு மட்டுமே. அங்கே ஆங்கில வழி பெரும்பாலும் சுயநிதிப் பிரிவு. கட்டணமும் உண்டு, சலுகையும் இல்லை. சேர்க்கும் முன் எந்தப் பிரிவு என்று கேட்டுவிடுங்கள்.

பள்ளி மாறினால் 6 முதல் ஒவ்வொரு வகுப்புக்கும் படிப்புச் சான்று அந்தந்தத் தலைமையாசிரியரிடம் அப்போதே வாங்கி வையுங்கள். கலந்தாய்வு நேரத்தில் பழைய பள்ளிக்கு ஓடுவது பெரிய அலைச்சல்.

அரசுப் பள்ளியின் குறை கூட்டம். கழிப்பறை, ஒழுங்கு எல்லாம் பள்ளிக்குப் பள்ளி மாறும், நேரில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல், வேதியியல், கணித முதுகலை ஆசிரியர் நிரந்தரமாக இருக்கிறாரா, பணியிடம் காலியா என்பது. ஆய்வகத்தையும் திறந்து காட்டச் சொல்லுங்கள். செய்முறை உள்ள பாடங்களில் அதற்கு 20 மதிப்பெண். எழுத்துத் தேர்வில் 70க்கு 15 எடுக்காவிட்டால் மொத்தம் 35 வந்தாலும் தேர்ச்சி இல்லை. ஆசிரியர் இல்லாத பாடத்தில் பிள்ளை விழுவது இங்கேதான்.

உதவிபெறும் பள்ளியில் ஏற்கெனவே எட்டாவது முடித்த பிள்ளையை இதற்காக இழுத்துவர வேண்டாம். 7.5 எப்படியும் கிடைக்காது. தமிழ்வழி என்றால் அந்த ஆயிரம் ரூபாய் அங்கேயே வரும்.