தடித்த நூலில் ஸ்கார்ஃப்: கார்ட்டரா, சீட் ஸ்டிச்சா, மிஸ்டேக் ரிப்பா?

முதல் ஸ்கார்ஃப் பின்ன உட்காருகிறவர்கள் பெரும்பாலும் நூலை வாங்கிவிட்டுத்தான் பின்னலைத் தேடுகிறார்கள். நூல் தடிமனாக இருந்தால் அது ஒன்றும் தப்பில்லை. எந்தப் பின்னல் எடுபடும் என்பதை அந்தத் தடிமன்தான் முடிவு செய்கிறது. மெல்லிய நூலில் குழைந்து விழுகிற பின்னல் தடித்த நூலில் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். கழுத்தைச் சுற்ற வேண்டிய பொருள் விறைத்தால் பெட்டியிலேயே கிடக்கும். அதனால் பார்க்க எப்படி இருக்கிறது என்பதோடு, எப்படித் தொங்குகிறது, தப்பு விழுந்தால் கண்ணுக்குத் தெரிகிறதா என்ற இரண்டையும் சேர்த்தே, தலைப்பில் உள்ள மூன்று பின்னல்களையும் இங்கே பார்க்கிறேன்.

நான் சொல்வது 'பல்கி' நூல். லேபிளில் நூல்கட்டுப் படத்துக்குள் 5 என்று போட்டிருக்கும். 10 செ.மீ. அகலத்துக்கு 12 முதல் 15 கண்ணி (ஊசியில் நிற்கும் நூல் வளையம்) வரும், 5.5 முதல் 8 மி.மீ. வரை ஊசி கேட்கும். ஸ்கார்ஃபுக்கு இதில் பெரிய ஊசியே நல்லது. கீழே உள்ள கண்ணிக் கணக்கெல்லாம் 8 மி.மீ. ஊசிக்குப் போட்டது.

ஒரு பக்கம் நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் கண்ணி), மறுபக்கம் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) என்று பின்னுகிற ஸ்டாக்கினெட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். ஓரங்கள் குழாய்போல் சுருளும். நனைத்து, விரித்துக் காயவைத்தாலும் நாளடைவில் மறுபடி சுருண்டுகொள்ளும்.

கார்ட்டர் இருப்பதிலேயே எளிது. ஊசியில் 22 கண்ணி ஏற்றி எல்லா வரிசையையும் நிட்டாகவே பின்ன வேண்டியதுதான். இரண்டு வரிசைக்கு ஒரு வரப்பு எழும்பும், அதனால் வரிசை எண்ணுவதும் சுலபம். ஓரம் சுருளாது, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும். குறை என்னவென்றால், இது நீளவாக்கில் நன்றாக இழுபடும். தடித்த நூலின் சொந்த எடையே இழுத்து, மாட்டி வைத்த ஸ்கார்ஃப் நீண்டுகொண்டே போகும். மடித்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. பல நிறம் கலந்த நூலோ, ரோமம் நிறைந்த நூலோ கையில் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், கார்ட்டர்தான். அந்த நூல்களில் நுணுக்கமான பின்னல் எதைப் போட்டாலும் தெரியப் போவதில்லை.

சீட் ஸ்டிச் அழகில் இதைவிட ஒரு படி மேல். 21 கண்ணி போதும், ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு வரிசையும் ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாறி மாறிப் போய் நிட்டில் முடியும். விதை தூவிய மாதிரி சின்னச் சின்னப் புடைப்புகள் வரும். ஆனால் ஒவ்வொரு கண்ணிக்கும் நூலை முன்னும் பின்னும் மாற்ற வேண்டும், தடித்த நூலில் அது கைக்கு நல்ல வேலை. பர்ல் முடித்து நூலைப் பின்னுக்குக் கொண்டுபோக மறந்தால், அது ஊசிமேல் ஏறி ஒரு கண்ணி கூடிவிடும்.

ஒருமுறை கருநீல நூலில், இரவு விளக்கில் சீட் ஸ்டிச் பின்னிக்கொண்டிருந்தேன். எங்கோ ஒரு கண்ணி கூடியிருக்கிறது. அதற்கு அப்புறம் நிட்டுக்கு மேல் நிட்டே விழுந்து, வரிசையின் பாதி, நிட்டும் பர்லும் நெடுக்குக் கோடுகளாக ஓடும் ரிப் பின்னல்போல ஆகிவிட்டது. காலையில்தான் கண்ணில் பட்டது, 20 வரிசைக்குமேல் பிரித்தேன். அன்றிலிருந்து கண்ணியைப் பார்த்தே பின்னுகிறேன். ஊசியில் அடுத்து நிற்கும் கண்ணியின் கழுத்தடியைப் பாருங்கள். கயிறு சுற்றியதுபோல் குறுக்கே ஒரு புடைப்பு இருந்தால் நிட் போடுங்கள். புடைப்பு இல்லாமல் வழவழவென்று 'வி' வடிவில் இருந்தால் பர்ல். இது பழகிவிட்டால் சீட் ஸ்டிச்சில் எண்ணவே வேண்டாம்.

ஆனால் தடித்த நூலுக்கு என்னுடைய தேர்வு மிஸ்டேக் ரிப். பெயரில்தான் தப்பு இருக்கிறது. 27 கண்ணி ஏற்றுங்கள். அகலம் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் நான்கு நான்காக மாற்றுங்கள், நான்கால் வகுத்தால் 3 மிஞ்ச வேண்டும். இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று போய், கடைசி மூன்று கண்ணியில் இரண்டு நிட், ஒரு பர்ல். எல்லா வரிசையும் இதேதான். நான்கால் மீதியின்றி வகுபட்டிருந்தால் சாதாரண ரிப் வந்திருக்கும். ஒன்று குறைவதால் திரும்பி வரும்போது ஒரு கண்ணி தள்ளி விழுகிறது. அந்தத் தள்ளலில் நான்கு கண்ணிக்கு ஒரு 'வி' வரிசை முதுகுத்தண்டுபோல் நிமிர்ந்து நிற்கிறது, இடையில் கார்ட்டர் மாதிரி முடிச்சுகள் நிரம்புகின்றன. இரண்டு பக்கமும் அப்படியே. இரண்டு கண்ணிக்கு ஒருமுறைதான் நூலை மாற்றுகிறோம், அதனால் சீட் ஸ்டிச்சைவிடக் கை வேகமாகப் போகும். பக்கவாட்டில் வளைந்து கொடுக்கும், கழுத்தில் மடிந்து உட்காரும். சரிபார்ப்பதும் எளிது. அந்த 'வி' தண்டு எப்போதும் நிட் ஜோடியின் முதல் கண்ணியாக வர வேண்டும், வராவிட்டால் அந்த வரிசையிலேயே நிறுத்திப் பாருங்கள். கீழ் வரிசைக் கண்ணிக்குள் ஊசி விட்டுப் பின்னும் ஃபிஷர்மேன் ரிப் இதைவிடப் பஞ்சுபோல் இருக்கும், உண்மைதான். ஆனால் நூலை விழுங்கும், பிரித்தால் கண்ணிகளைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு. முதல் ஸ்கார்ஃபுக்கு வேண்டாம்.

நூல் விஷயத்தில் என் விருப்பம் இரண்டு மூன்று இழை முறுக்கிய, வெளிர் நிறக் கம்பளி. முறுக்கே இல்லாத ஒற்றை இழை நூல் மென்மைதான், ஆனால் உராய்ந்து சீக்கிரம் உருண்டை உருண்டையாகத் திரளும், புடைப்பும் மங்கலாகத் தெரியும். கம்பளியை நனைத்து விரித்தால் கண்ணிகள் ஒழுங்காகும். சூடான தண்ணீரில் அலசித் தேய்த்தால் சுருங்கிக் கட்டியாகிவிடும், மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் இருந்தால் தவிர. அடிக்கடி துவைக்கப்போகிற ஸ்கார்ஃபுக்கு அக்ரிலிக் சரி. இஸ்திரிப் பெட்டியை மட்டும் அதன்மேல் வைக்காதீர்கள், புடைப்பெல்லாம் படுத்துவிடும், திரும்ப எழாது. வெல்வெட் மாதிரி இருக்கும் ஷெனில் நூல் தொட ஆசையாக இருக்கும், ஆனால் கண்ணி தெரியாது, பிரித்தால் ரோமம் உதிரும்.

18 செ.மீ. அகலம், 160 செ.மீ. நீளத்துக்குச் சுமார் 250 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். எடையைவிட லேபிளில் உள்ள மீட்டரைப் பார்த்து வாங்குங்கள். கடைசி வரிசைக்கு அகலத்தைப்போல் நான்கு மடங்கு நூல் மிச்சம் இருக்கும்போதே பின்னலை நிறுத்தி, ஒரு அளவு பெரிய ஊசியால் கண்ணிகளைத் தளர்வாக மூடி முடியுங்கள். தொங்கும் நுனியை அப்படியே உள்ளே செருகினால் அந்த இடம் தடித்துத் துருத்தும். இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு திசையில் செருகுங்கள்.