அயர்லாந்துக் குடும்பத் தேடலா? காசு கட்டும் முன் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தைப் பாருங்கள்

என் மனைவிக்குத் தாய்வழி வேர் அயர்லாந்தின் மேயோ கவுண்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி). அந்தக் குடும்பத்தில் யார் பாஸ்டன் போனார்கள், யார் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், யார் ஊரோடு தங்கினார்கள் என்று தேடுவதற்கு நான் அதிகம் புழங்கியது ஐரிஷ் ஜீனியாலஜி டாட் ஐஈ என்ற அயர்லாந்து அரசுத் தளம்தான். முழுக்க இலவசம், சந்தா கிடையாது.

பிறப்பு நூறு வருஷமும் திருமணம் 75 வருஷமும் இறப்பு 50 வருஷமும் தாண்டியிருந்தால், பதிவேட்டின் அசல் பக்கமே படமாகத் திறக்கும். எல்லா மதத்தாருக்கும் அரசுப் பதிவு தொடங்கியது 1864-ல்தான், கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணம் மட்டும் 1845 முதல் உண்டு. வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு 1921 வரைதான் இங்கே கிடைக்கும், அதற்குப் பிறகு பெல்ஃபாஸ்ட் பதிவகத்தின் கட்டணத் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

பெயரைத் தட்டி வரும் பட்டியலோடு நின்றுவிடாதீர்கள், படத்தைத் திறந்து ஒவ்வொரு கட்டமாகப் படியுங்கள். இறப்புப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்காது என்பதால் பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள், ஆனால் தகவல் சொன்னவர் என்று ஒரு கட்டம் இருக்கிறதே, எனக்குப் பொக்கிஷமே அதுதான். கல்யாணமாகிக் குடும்பப் பெயர் மாறியதால் எங்கேயும் அகப்படாமல் இருந்த ஒரு அத்தைப் பாட்டி, தன் அப்பாவின் இறப்பைப் பதிந்தவராக, 'மகள்' என்ற குறிப்போடு, புகுந்த வீட்டுப் பெயரிலேயே அந்தக் கட்டத்தில் இருந்தார், கூடவே அவர் குடியிருந்த டவுன்லேண்ட், அதாவது அயர்லாந்தின் மிகச் சிறிய நிலப் பிரிவு, அதன் பெயரும் இருந்தது, ஒரு கிளை முழுக்க அங்கிருந்து திறந்துகொண்டது.

குறையும் உண்டு. 1900-க்கு முந்தைய பிறப்புகளைத் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் வைத்துத் தேட முடியாது, ஒரே பெயரில் இருபது குழந்தைகள் வந்தால் ஒவ்வொரு படமாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஓ'பிரையன் போன்ற குடும்பப் பெயருக்கு முன்னால் வரும் 'ஓ' ஒரு பதிவில் இருக்கும், அடுத்ததில் இருக்காது, அதனால் இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஞானஸ்நானத் தேதிக்குப் பிறகு பிறந்த தேதி வந்தாலும் தப்பான ஆள் என்று தள்ள வேண்டாம், தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் தேதியை நகர்த்திச் சொல்வது சகஜமாக நடந்தது.

அப்புறம், இதோடு சேர்த்தே திறந்து வைக்க வேண்டியது தேசிய ஆவணக் காப்பகத்தின் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அதுவும் இலவசம். 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத் தீயில் போய்விட்டது, அடுத்த நான்கை அரசாங்கமே அழித்துவிட்டது, நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. 1911 படிவத்தில் மணமான பெண்களிடம் கல்யாணமாகி எத்தனை வருஷம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பது பேர் உயிரோடு என்று எழுதி வீட்டில் இரண்டு பேர்தான் இருந்தால், மீதி ஏழு பேர் எங்கே என்பதுதான் உங்கள் தேடல். வயதை மட்டும் நம்பாதீர்கள், 1909 முதல் எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் வந்ததால் பத்து வருஷத்தில் பதினைந்து வயது கூடியவர்கள் நிறைய.

கடல் தாண்டிப் போனவர்களுக்கு பாஸ்டன் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை வந்த 'காணாமல் போன நண்பர்கள்' விளம்பரங்களைத் தேடலாம், பாஸ்டன் காலேஜ் அவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அண்ணனைத் தேடும் தங்கை, எந்தக் கவுண்டி, எந்தத் தேவாலயப் பங்கு, கடைசியாக எங்கே வேலை பார்த்தார் என்றெல்லாம் எழுதியிருப்பாள், சிலவற்றைப் படித்து முடிக்கவே மனசு வராது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநில இறப்புச் சான்றிதழுக்குக் காசு கொடுக்கலாம், தப்பில்லை, பெற்றோர் பெயர், பிள்ளைகள் பெயர், வந்து எத்தனை வருஷம் என்பது வரை அதில் இருக்கும்.

சந்தா கட்டும் பெரிய தளங்களில் ஒன்றில் யாரோ போட்டிருந்த குடும்ப மரம், எங்கள் ஆளை வேறொரு கவுண்டிக் குடும்பத்தோடு ஒட்டியிருந்தது, அதை நூறு பேர் நகலெடுத்தும் இருந்தார்கள். டவுன்லேண்ட் பெயர் கைக்கு வரும் வரை அந்தப் பக்கம் பணம் கட்டாதீர்கள், வந்த பிறகு ரூட்ஸ் அயர்லாந்து என்ற தளத்துக்கு ஒரு மாதச் சந்தா மட்டும் கட்டிப் பாருங்கள், கவுண்டிகளின் வம்சாவளி மையங்கள் எடுத்தெழுதிய தேவாலயப் பதிவுகள் அங்கேதான் இருக்கின்றன.