ஒன்பது வருஷமாக ஓட்டும் லேத்: கைப்பிடிகள் பற்றிக் கொஞ்சம்

கோவை கணபதியில் இருக்கும் என் பட்டறைக்கு இந்த ஆறடி லேத் (கடைசல் மெஷின்) செகண்ட் ஹாண்டாக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆல் கியர் ஹெட் (வேகத்தைக் கியரில் மாற்றுவது), ஜாபைப் பிடிக்கும் சக் திருகி மாட்டும் வகை. பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட் வேலைதான். பெட்டும் மோட்டாரும் என்னையே வழியனுப்பிவிட்டுத்தான் ஓயும். கை படுகிற இடங்களைப் பற்றித்தான் எழுதத் தோன்றியது.

டூலை ஜாபுக்குள் குறுக்கே தள்ளும் கிராஸ் ஸ்லைடின் டயலில் ஒரு கோடு 0.05 மி.மீ. ஒரு கோடு திருப்பினால் விட்டத்தில் 0.1 குறையும். சில மெஷின்களில் டயலே விட்டக் கணக்கில் இருக்கும். அதில் பழகிய டர்னர் ஒருவர் வந்த முதல் வாரமே இரண்டு ஷாஃப்டை ஒல்லியாக்கிவிட்டார். அப்புறம் டயலுக்கு மேல் பெயிண்டில் எழுதி வைத்தேன்.

வாங்கும்போது அந்தக் கைப்பிடியில் மூன்று கோடு ப்ளே (டூல் நகராமல் கைப்பிடி மட்டும் சும்மா சுற்றும் அளவு) இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் எட்டாகிவிட்டது. ஸ்லைடை நகர்த்தும் ஸ்க்ரூவுக்குப் புது கன்மெட்டல் நட் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். நடுவில் நாலு கோடு அப்படியே நின்றது, ஓரத்தில் கைப்பிடி இறுக்கமாகப் போனது. தினம் வேலை நடக்கிற நடுப்பகுதியில் ஸ்க்ரூவே தேய்ந்திருந்தால் நட் என்ன செய்யும்? ஸ்க்ரூவை மாற்றக் காசு வரும்வரை பழைய பழக்கம்தான்: அளவைத் தாண்டிவிட்டால் ஒரு முழுச் சுற்று பின்னுக்கு வந்து, மறுபடி முன்னே திருப்பி நிறுத்துவது.

6205 பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடத்துக்கு அந்த டயலை நம்புவதில்லை. கிராஸ் ஸ்லைடுக்கு மேல் இருக்கும், கோணம் திருப்பக்கூடிய சின்ன ஸ்லைடான காம்பவுண்டை பெட்டின் நீளவாக்கில் வைத்து, 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திருப்பி இறுக்குவேன். அங்கே ஒரு கோடு 0.05 நகர்ந்தால் டூல் உள்ளே போவது 0.005தான், விட்டத்தில் 0.01. பேரிங் வேலைக்கு இதைவிடச் சுகமான வழி எனக்குக் கிடைக்கவில்லை.

மரை வெட்டும்போது, டூலைச் சுமக்கும் கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிணைக்கும் ஹாஃப் நட் லீவர்தான் அதிகம் சோதித்தது. லீட் ஸ்க்ரூ 6 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த மரைகளுக்கு இடையிலான தூரம்), லீவரை எப்போது போடலாம் என்று காட்டும் சேசிங் டயல் மெஷினில் கிடையாது. 1.5, 2, 3 பிட்ச் எல்லாம் 6-ஐ மீதியில்லாமல் வகுக்கும், அதனால் லீவரை எங்கே போட்டாலும் டூல் பழைய பள்ளத்திலேயே விழும். M12 மரைக்கு (12 மி.மீ. விட்டம்) 1.75, M20-க்கு 2.5. இவற்றில் லீவரைத் திறந்தால் போச்சு. ஒரு M20 ஸ்டட்டில், கடைசி வெட்டுக்கு முன் பழக்க தோஷத்தில் நானே திறந்து மூடி மரையைச் சிதைத்திருக்கிறேன். இப்போது அந்த மாதிரி ஜாப் ஏறினால் லீவரில் சிவப்புத் துணி கட்டிவிடுவோம். டூலை வெளியே இழுத்து, மோட்டாரை ரிவர்ஸில் ஓட்டித்தான் கேரேஜ் திரும்பும்.

அந்த ரிவர்ஸிலும் ஒரு வில்லங்கம். திருகி மாட்டிய சக், ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சை எதிர்ப்பக்கம் தள்ளினால் கழன்றுகொள்ளும். எங்களுக்கு ஒருமுறை முக்கால் சுற்று கழன்றதைப் பார்த்து வயிறு கலங்கியது. முழுதாக நின்ற பிறகுதான் ரிவர்ஸ். அவசரக்காரர்களுக்கு இந்த லேத் சரிப்படாது.

ஃபீட் லீவர், டெயில் ஸ்டாக் எல்லாம் சொன்னபடி கேட்கின்றன. பழைய லேத் பார்க்கப் போகிறவர்கள் பளபளப்பான பெயிண்டை விட்டுவிட்டு, கிராஸ் ஸ்லைடு கைப்பிடியை நடுவிலும் ஓரத்திலும் ஆட்டிப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ப்ளே ஒன்றாக இருந்தால் நட் விலையோடு போகும். வேறுபட்டால் ஸ்க்ரூவுக்கும் சேர்த்து விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எனக்கு இது தெரியாது.